உழைக்கும் வயதினரின் உணவை அளப்பது எப்படி: முதன்முறை கள ஆய்வில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முதுகலை ஆய்வேட்டுக்காகவோ ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் திட்டத்துக்காகவோ இந்தியாவில் வேலை செய்யும் வயதிலுள்ளவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளக்கப் புறப்படுபவர்களுக்கு, முறையைச் சொல்லித்தரப் பாடநூல்கள் இருக்கின்றன. எந்தத் தாளை எப்போது தயார் செய்ய வேண்டும், எந்தச் செலவு கணக்கில் வராமல் போகும், எந்த நாளில் களத்துக்குப் போனால் தரவு வீணாகும் என்பதெல்லாம் நடுவழியில்தான் தெரியவருகிறது. இத்தகைய ஓர் ஆய்வைத் தட்டுத்தடுமாறி முடித்த அனுபவத்தில், அடுத்து வருபவருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டுக் களத்திலிருந்து வருகின்றன; விதிகளும் அட்டவணைகளும் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

1. முதலில், களத்துக்குப் போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே திரட்டப்பட்ட தரவே விடை சொல்லுமானால் ஓராண்டு உழைப்பும் பணமும் மிச்சமாகும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின் அலகுநிலைத் தரவு (வீடு வீடாகத் தனித்தனிப் பதிவு), புள்ளியியல் அமைச்சகத்தின் தரவுத் தளத்தில் பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றிக் கிடைக்கும். 2023–24ஆம் ஆண்டு ஆய்வின்படி நாள் ஒன்றுக்கு ஆள் ஒருவருக்குச் சராசரியாகக் கிராமப்புறத்தில் 2212 கிலோகலோரியும் நகர்ப்புறத்தில் 2240 கிலோகலோரியும் கிடைப்பதாகக் கணக்கிடப்பட்டது. இந்த எண்ணைக் கொண்டு “உழைக்கும் ஆண் இவ்வளவு சாப்பிடுகிறார்” என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆய்வு வீட்டுக்குள் வந்த உணவை அளக்கிறது. அதை வீட்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை அது கேட்பதில்லை. கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டில் என்ன மிஞ்சியிருந்தது என்பது அந்தத் தரவில் எங்குமே இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு தனி மனிதரைக் கேட்கிறது. ஆனால் பால், பருப்பு, கீரை, பழம், முட்டை, மீன் போன்றவற்றை எவ்வளவு அடிக்கடி உண்கிறீர்கள் என்ற அளவிலேயே அது நின்றுவிடும். கிராம் கணக்கு கிடையாது. இரத்தசோகை, உடல் எடை ஆகியவற்றுக்கு அது நல்ல ஆதாரம்: 2019–21 சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. உங்கள் கேள்வி “யாருக்கு எந்தச் சத்து எவ்வளவு குறைகிறது” என்பதாக இருந்தால் மட்டுமே நீங்களே களத்தில் இறங்க வேண்டியிருக்கும்.

2. வயது வரம்பைத் தாளில் எழுதி முடிவு செய்யுங்கள்

“வேலை செய்யும் வயது” என்பதற்கு ஒரே வரம்பு இல்லை. தொழிலாளர் புள்ளிவிவரங்களில் 15 முதல் 59 என்றும் 15 முதல் 64 என்றும் இரண்டு வழக்குகளும் உண்டு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட சத்துத் தேவை அட்டவணைகளோ பெரியவர்களை 19 வயதிலிருந்து தொடங்கி, 60 வயதைத் தாண்டியவர்களைத் தனியாக வைக்கின்றன. 15 என்று தொடங்கினால் வளரிளம் பருவத்தினரின் தேவைகளைத் தனியாகக் கையாள வேண்டும். அதோடு 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் ஒரு தாள், அவர்களுடைய இசைவு இன்னொரு தாள் என்று வேலை இரட்டிப்பாகும். முதல் ஆய்வுக்கு 19 முதல் 59 என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

கருவுற்றிருப்பவர்களையும் பாலூட்டுபவர்களையும் சேர்ப்பதா விடுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அவர்களுடைய தேவை வேறு: கருவுற்றிருக்கும்போது நாளொன்றுக்கு 350 கிலோகலோரியும், பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 600 கிலோகலோரியும் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. களத்துக்குப் போன பிறகு இந்த முடிவை எடுத்தால், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் கேட்டு மீண்டும் காத்திருக்க நேரும்.

3. முறையைத் தேர்ந்தெடுங்கள்: 24 மணி நேர நினைவுகூரல்

பிரிட்டனில் 1986–87இல் 16 முதல் 64 வயதினரிடம் நடந்த ஆய்வில், பங்கேற்றவர்களிடமே தராசைக் கொடுத்து ஏழு நாள் உண்டதையெல்லாம் எடைபோட்டு எழுதச் சொன்னார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வேலைக்கு ஓடும் ஒருவரிடம் நம்மால் அப்படிக் கேட்க முடியாது. கேட்டாலும், எழுத வேண்டியிருக்கிறதே என்று அவர் சாப்பிடுவதையே சுருக்கிக்கொள்வார். ஆகவே நம் களத்துக்கு ஏற்றது, முந்தைய 24 மணி நேரத்தில் உண்டது, குடித்தது எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் கேட்டுப் பதியும் முறைதான்.

ஒருவருக்கு ஒரே ஒரு நாள் கேட்டால் போதுமா என்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். ஒரு நாள் தரவு, குழுவின் சராசரியைச் சொல்லப் போதும். எத்தனை பேருக்குக் குறைபாடு இருக்கிறது என்று சொல்ல அது போதாது. ஒரே ஆள் ஞாயிறன்று கறிக்குழம்பும் செவ்வாயன்று ரசம் சாதமும் சாப்பிட்டிருப்பார். ஒரு நாளை மட்டும் பார்த்தால் அவர் புரதம் மிகுந்தவராகவோ பற்றாதவராகவோ தோன்றுவார். குறைந்தது நாலில் ஒரு பங்கினரிடமாவது, அடுத்தடுத்து வராத இன்னொரு நாளில் மீண்டும் கேட்டால், ஒருவருக்குள்ளேயே நாளுக்கு நாள் ஏற்படும் ஏற்றத்தாழ்வைப் புள்ளியியல் வழியில் பிரித்தெடுத்துவிடலாம். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதா, இரண்டாம் நாளைச் சேர்ப்பதா என்ற கேள்வி பட்ஜெட்டில் எழுந்தால் தயங்காமல் இரண்டாம் நாளைச் சேருங்கள்.

கிராம் கணக்கே தேவையில்லை, உணவு வகைகளின் பன்மை மட்டும் போதும் என்றால் எளிய வழி ஒன்று உண்டு. 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு, உணவைப் பத்து வகைகளாகப் பிரித்து, முந்தைய நாளில் அவற்றில் குறைந்தது ஐந்தையேனும் உண்டார்களா என்று பார்க்கும் குறியீடு உலக அளவில் ஏற்கப்பட்டது. சில நிமிடங்களில் கேட்டு முடித்துவிடலாம். இரண்டு மாதமே கையில் இருப்பவர்கள் கௌரவம் பார்க்காமல் இதை எடுத்துக்கொள்வது நல்லது.

4. எத்தனை பேர், எந்த வீடு, அந்த வீட்டில் யார்

ஒரு குறைபாட்டின் பரவல் முன்கூட்டித் தெரியாதபோது அதை 50 விழுக்காடு என்றும், பிழை வரம்பை 5 விழுக்காடு என்றும் கொண்டால் 384 பேர் தேவை. ஊர் ஊராகத் திரட்டும்போது ஒரே ஊரார் ஒரே மாதிரி சாப்பிடுவதால் தகவல் குறையும்; அதற்காக ஒன்றரை மடங்காக்கினால் 576. பத்து விழுக்காட்டினர் மறுப்பார்கள் அல்லது கிடைக்கமாட்டார்கள் என்று வைத்தால் 640 பேரை அணுக வேண்டும். அதை 32 ஊர் அல்லது தெருத் தொகுதிகளாகவும், தொகுதிக்கு 20 பேராகவும் பிரித்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பட்டியலுக்கு வாக்காளர் பட்டியலை எடுப்பது வழக்கம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஆய்வு செய்பவர்கள் அதை நம்பினால், விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்களும் முழுவதுமாக விடுபட்டுப்போவார்கள். உழைக்கும் வயதினரைப் பற்றிய ஆய்வில் அவர்களை விட்டுவிடுவது சிறு குறை அன்று. விடுதிகளைத் தனிப் பட்டியலாக நீங்களே நடந்து தயாரிக்க வேண்டும். அதற்குக் களப்பணி தொடங்குமுன் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

ஒரு வீட்டில் தகுதியுள்ளவர் மூவர் இருந்தால் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவரையே கேட்டுவிட்டு வந்தால், உங்கள் மாதிரியில் வேலைக்குப் போகாதவர்களே நிறைந்திருப்பார்கள். பகல் பதினொரு மணிக்கு நேர்காணல் எடுத்துச் சேர்த்த தரவை உழைக்கும் மக்களின் உணவு என்று தலைப்பிட்டு வெளியிடும் ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் எழும் ஐயம் இதுதான்.

5. அனுமதித் தாள்கள்: இதற்கே மூன்று மாதம்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வருவதற்கு முன் ஒரே ஒரு நேர்காணல்கூட எடுக்கக்கூடாது; முன்தேதியிட்ட ஒப்புதலை எந்தக் குழுவும் தராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே அடிப்படை. பெரும்பாலும் கேட்கப்படும் தாள்கள் இவை: ஆய்வு முன்மொழிவு, பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், வினாத்தாள் (இம்மூன்றும் ஆங்கிலத்திலும் களத்தின் மொழியிலும்), மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்ததற்கான சான்று, ஆய்வாளர்களின் தன்விவரம், வழிகாட்டியின் கடிதம், பட்ஜெட், நலன் முரண் அறிவிப்பு (ஆய்வின் முடிவால் ஆய்வாளருக்கு ஆதாயம் உண்டா என்பது), களத்தில் அனுமதி தருபவரின் கடிதம்.

பொறி இந்தப் பட்டியலின் கடைசியில் இருக்கிறது. தொழிற்சாலை நிர்வாகமோ மாவட்ட சுகாதார அலுவலகமோ “நெறிமுறைக் குழு ஒப்புதல் இருந்தால் அனுமதி தருகிறோம்” என்பார்கள்; குழுவோ “களத்தின் அனுமதி இருந்தால் ஒப்புதல் தருகிறோம்” என்று சொல்லும். இதற்கு வழி, களத்தில் “நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு அனுமதிக்கிறோம்” என்ற ஒரு வரிக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுவதுதான். வார்த்தைகளை நீங்களே எழுதிக்கொண்டு போனால் கையெழுத்து விரைவில் கிடைக்கும்.

பல குழுக்கள் மாதத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோதான் கூடுகின்றன. கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே தாள்கள் போய்ச்சேர வேண்டும். இரத்தம் எடுக்காத, கேள்வி கேட்கும் ஆய்வு என்றால் குறைந்த இடர்பாடு என்ற அடிப்படையில் விரைவுப் பரிசீலனை கோரலாம். கோரிக்கையை விண்ணப்பத்தின் உறைக்கடிதத்திலேயே எழுதுங்கள், தாமாக யாரும் தரமாட்டார்கள். மாணவர் ஆய்வுக்குக் கட்டணம் உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால் மத்திய அரசின் சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதற்கு வேறு காலக்கணக்கு.

விடுதித் தொழிலாளர்களைச் சேர்க்கிறீர்கள் என்றால் இந்தி, ஒடியா என ஒவ்வொரு மொழியிலும் ஒப்புதல் படிவம் வேண்டும். ஒவ்வொன்றையும் குழு தனியே ஏற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தைப் படித்துக் காட்டும்போது ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருந்து கையெழுத்திட வேண்டும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது வாங்கிய ஒப்புதலை ஒப்புதல் என்று சொல்வதற்கில்லை. தொழிற்சாலை உணவகத்தின் குழம்பு எப்படி இருக்கிறது என்று அவர் முன்னால் கேட்டால் எல்லோருமே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

6. பணம் எங்கே போகும்

கருவிகளுக்குத்தான் செலவு என்று நினைத்துப் பட்ஜெட் போடுவது இயல்பு. நடப்பில் பெரும்பங்கு நேர்காணல் எடுப்பவர்களின் ஊதியத்துக்கும் பயணத்துக்கும் போகும். ஒரு நேர்காணலுக்கு 30 முதல் 45 நிமிடம்; தேடிப் போவது, திரும்ப வருவது எல்லாம் சேர்த்தால் ஒருவர் ஒரு நாளில் ஐந்து எடுப்பதே நல்ல வேகம். மேலே சொன்ன கணக்குப்படி 576 முதல்நாள் நேர்காணலும், நாலில் ஒரு பங்கான 144 இரண்டாம் நாள் நேர்காணலும் சேர்ந்து 720. ஐந்தால் வகுத்தால் 144 ஆள்நாட்கள். நால்வர் குழுவுக்கு 36 களநாட்கள், வாரம் ஆறு நாள் வீதம் ஆறு வாரம். ஊதியத்தை இதனால் பெருக்கிப் பாருங்கள். அதன்மேல், வீடு பூட்டியிருந்து திரும்ப வந்த பயணங்களுக்காக ஒரு பங்கு சேருங்கள்.

சமையலறைத் தராசு சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். உயரமானியும் எடைக்கருவியும் புதிதாக வாங்காமல் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் இரவல் கேட்கலாம். அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அரை நாள் கூலி இழக்கும் ஒருவருக்கு அதை ஈடுசெய்வது நியாயமானது, நெறிமுறைகளும் அனுமதிக்கின்றன. ஆனால் தொகை முன்மொழிவிலேயே இருந்து, குழு அதை ஏற்றிருக்க வேண்டும்.

இன்னொரு சிறிய, ஆனால் தொல்லையான செலவு: தேநீர்க்கடை வடையையும் தள்ளுவண்டிப் பரோட்டாவையும் வாங்கி எடைபோட வேண்டியிருக்கும். அங்கே ரசீது கிடைக்காது. பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை நிதி அலுவலகத்தில் கேட்கும்போது அந்தத் தொகை தொங்கிக்கொண்டு நிற்கும். ஒரு தொகை வரையில் சுயசான்று ரசீது ஏற்கப்படும் என்று எழுத்துமூலமாக முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

7. உள்ளூர்ச் சமையல் அட்டவணையைத் தயாரியுங்கள்

ஒருவர் “ஒரு கரண்டி சாம்பார்” என்று சொன்னால் எந்தக் கரண்டி, அதில் பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தால்தான் கணக்கு தொடங்கும். இந்தியாவின் உணவு ஆய்வுகளில் கொள்ளளவு அளந்து தரப்படுத்திய பாத்திரங்களின் தொகுப்பைக் காட்டிக் கேட்பது வழக்கம். அது கிடைக்காவிட்டால், களத்தில் புழங்கும் டம்ளர், கரண்டி, குழிக்கரண்டி, கிண்ணம் ஆகியவற்றை அந்த ஊர்ப் பாத்திரக்கடையிலேயே வாங்கி, தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவு குறித்து, எண்ணிட்டு, எல்லா நேர்காணல்காரர்களுக்கும் ஒரே தொகுப்பைக் கொடுங்கள். இட்லியும் தோசையும் ஊருக்கு ஊர் அளவு மாறும். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடைபோட்டுச் சராசரி எடுங்கள்.

அதன்பின், அடிக்கடி வரும் பதார்த்தங்களைச் சில வீடுகளில் சமைக்கும்போதே உடனிருந்து, பச்சையாகப் போட்ட ஒவ்வொன்றையும் எடைபோட்டு, சமைத்து முடித்த மொத்த எடையையும் குறியுங்கள். எண்ணெய்ப் புட்டியைச் சமைப்பதற்கு முன்னும் பின்னும் எடைபோடுவது ஒன்றே எண்ணெயை நம்பகமாக அளக்கும் வழி. “கொஞ்சமாத்தான் ஊத்துவோம்” என்ற பதில் கணக்குக்கு உதவாது. தொழிற்சாலை உணவகம் என்றால் சமையல்காரரிடம் இருநூறு பேருக்கான அளவைக் கேட்டு, அண்டாவில் இறங்கியதை ஆளுக்கு வகுப்பதே எளிது. இந்த வேலைக்கு இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். அலுப்பான வேலைதான், ஆய்வின் தரம் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது என்பதால் வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

8. களத்தின் நாட்காட்டி

குழுவுக்கு ஞாயிறு விடுமுறை என்று வைத்துவிட்டால் சனிக்கிழமை உணவு உங்கள் தரவில் ஒருபோதும் வராது. ஏனென்றால் நேற்றைய உணவைத்தான் நாம் கேட்கிறோம். திங்களன்று கேட்டால் ஞாயிறு உணவு, அதாவது கறியும் மீனும், கிடைக்கும். ஆகவே விடுமுறை நாளை வாரந்தோறும் மாற்றி, ஏழு நாட்களுக்கும் நேர்காணல்கள் ஏறத்தாழச் சமமாகப் பரவும்படி அட்டவணை போடுங்கள்.

பொங்கல், ரமலான் நோன்பு, புரட்டாசி மாதம், கார்த்திகையில் மாலை போடும் காலம், ஆடியில் கூழ் ஊற்றும் நாட்கள் ஆகியவை வழக்கமான உணவைக் காட்டமாட்டா. எல்லாவற்றையும் தவிர்த்தால் ஆண்டே மிஞ்சாது என்பதும் உண்மை. தவிர்க்க முடியாதபோது, “நேற்று விரத நாளா, விசேஷ நாளா” என்ற கேள்வியைச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பகுப்பாய்வில் பிரித்துப் பார்க்கலாம். வேளாண் கூலிகளிடம் அறுவடைக் காலத்தில் கேட்பதும் வேலையில்லாத மாதத்தில் கேட்பதும் வெவ்வேறு விடை தரும். ஒரே பருவத்தில் முடிக்கும் ஆய்வு, அந்தப் பருவத்தின் பெயரைத் தலைப்பிலோ முதல் பத்தியிலோ சொல்லியாக வேண்டும்.

இரவுப்பணி செய்பவர்களுக்கு நள்ளிரவிலிருந்து நள்ளிரவு என்ற கணக்கு ஒத்துவராது. எழுந்ததிலிருந்து அடுத்து எழும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் வேலைக்காரர்களை மாலை ஆறு மணிக்குப் பின்னரோ விடியற்காலையிலோதான் பிடிக்க முடியும். பெண் நேர்காணல்காரர்கள் இருட்டில் தனியே போகாதபடி இருவராக அனுப்புங்கள், வாகனச் செலவைப் பட்ஜெட்டில் சேருங்கள்.

9. நேர்காணல்

முதலில் இடைமறிக்காமல் நேற்றைய பட்டியலைச் சொல்ல விடுங்கள். அடுத்து மறந்துபோகும் பொருட்களைக் கேளுங்கள்: தேநீர், வடை, பிஸ்கட், மோர், ஊறுகாய், இட்லிப்பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெய், கோவில் பிரசாதம், குழந்தை மிச்சம் வைத்த சோறு, மது. மூன்றாவதாக ஒவ்வொன்றையும் நேரத்தோடும் இடத்தோடும் பொருத்துங்கள். நான்காவதாக அளவும் செய்முறையும். கடைசியில் முழுவதையும் திரும்பப் படித்துக்காட்டி, விடுபட்டது உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். ஒரு நாளில் ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் சர்க்கரையிலிருந்து மட்டுமே சுமார் 200 கிலோகலோரி வரும். இரண்டாம் சுற்றில் கேட்காவிட்டால் அது அப்படியே காணாமல் போகும்.

“காலையில் சாப்பிட்டீர்களா” என்று கேட்பதைவிட “எழுந்ததும் முதலில் வாயில் வைத்தது என்ன” என்று கேட்பது மேல். முந்தையது, சாப்பிடாதவரைக் கூச வைத்து ஒரு பொய்யைச் சொல்ல வைக்கும்.

10. உயரம், எடை, இரத்தம்

உயரத்தை 0.1 சென்டிமீட்டருக்கும் எடையை 0.1 கிலோவுக்கும் இருமுறை எடுங்கள். தெரிந்த எடைக்கல்லை வைத்து எடைக்கருவியை நாள்தோறும் காலையில் சரிபாருங்கள். உடல் நிறைக் குறியெண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 18.5க்குக் கீழே மெலிவு. அதிக எடைக்கு உலகளாவிய வரம்பு 25, இந்தியர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு 23. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் எண்ணை யாரும் ஒப்பிட முடியாது.

முதல் ஆய்வில் இரத்தம் எடுக்காமல் விடுவதே நல்லது என்பேன். தகுதி பெற்ற ஆள், மருத்துவக் கழிவு அகற்றம், வெயிலில் கெடாமல் வைக்க வேண்டிய சோதனைப் பொருட்கள், குறைபாடு தெரிந்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் பொறுப்பு என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

11. சத்துக் கணக்கு: பொறிகள் மிகுந்த கட்டம்

கணக்குக்கு அடிப்படை, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணைகள். 528 உணவுப் பொருட்கள் அதில் உள்ளன. அதைத் திறந்தவுடன் கவனிக்க வேண்டியவை பல.

ஆற்றல் அதில் கிலோஜூலில் இருக்கிறது, கிலோகலோரியாக்க 4.184ஆல் வகுக்க வேண்டும். அரிசிக்கு 1490ஐ ஒட்டிய எண்ணைப் பார்த்து அப்படியே கிலோகலோரி என்று தட்டச்சு செய்துவிட்டால் மொத்த ஆய்வும் நான்கு மடங்கு வீங்கிவிடும்.

மதிப்புகள் பெரும்பாலும் சமைக்காத பொருளின் 100 கிராமுக்கு உரியவை. அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று மடங்கு எடை கூடும். 300 கிராம் சோற்றை 300 கிராம் அரிசி என்று பதிந்தால் சுமார் 400 கிலோகலோரி இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்தைத் தாண்டும். ஏழாம் கட்டத்தில் சமையல் அட்டவணையை வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

வைட்டமின் பி12 அந்த அட்டவணைகளில் இல்லை. ஆய்வு நோக்கங்களில் பி12ஐ எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் விழிக்காதீர்கள். வேண்டுமென்றால் வேறு நாட்டு அட்டவணையிலிருந்து எடுத்து, எடுத்ததைச் சொல்ல வேண்டும். சோடியம் என்று உள்ளது பொருளின் இயற்கைச் சோடியம் மட்டுமே. போட்ட உப்பை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நினைவுகூரலில் உப்பு நம்பகமாக வராது, அதற்கு 24 மணி நேரச் சிறுநீர் வேண்டும் என்பதால், உப்பை இந்த ஆய்வின் நோக்கமாக வைக்காமல் இருப்பதே உசிதம்.

ரேஷன் அரிசி, சத்துகள் சேர்த்துச் செறிவூட்டப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் விதிமுறைப்படி கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்கப்பட வேண்டும். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்தே 8.4 முதல் 12.75 மில்லிகிராம் வரை வரக்கூடும். ஓர் ஆணின் சராசரித் தேவையான 11 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை அல்ல. அட்டவணையிலுள்ள அரிசியில் இது கிடையாது. எனவே ரேஷன் அரிசியா கடை அரிசியா என்ற கேள்வி வினாத்தாளில் கட்டாயம் வேண்டும். அதோடு, செறிவூட்டிய மணிகளை “பிளாஸ்டிக் அரிசி” என்று பொறுக்கி எறிகிறார்களா என்றும் கேளுங்கள். எறிகிற வீடுகள் உண்டு.

12. குறைபாடு என்று சொல்வதற்கு முன்

பரிந்துரைக்கப்பட்ட அளவுக்குக் கீழே உண்பவர்களையெல்லாம் குறைபாடுள்ளவர்கள் என்று எண்ணிவிடுவது மிகப் பரவலான பிழை. பரிந்துரைக்கப்பட்ட அளவு என்பது ஏறத்தாழ எல்லோருடைய தேவையையும் நிறைவு செய்யும்படி உயர்த்தி வைக்கப்பட்டது. குழுவில் எத்தனை பேருக்குப் போதவில்லை என்று சொல்ல, சராசரித் தேவையோடுதான் ஒப்பிட வேண்டும். 2020 அட்டவணைப்படி பெண்ணுக்குப் புரதத்தின் சராசரித் தேவை 36 கிராம், பரிந்துரை 46 கிராம். இரும்புக்கு முறையே 15, 29 மில்லிகிராம். நாளுக்கு 20 மில்லிகிராம் இரும்பு உண்ணும் பெண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் முடிவு தலைகீழாகும். மாதவிடாய் உள்ள பெண்களின் இரும்புத் தேவை ஒருபக்கம் சாய்ந்த பரவலுடையது என்பதால், அவர்களுக்கு, சராசரித் தேவைக்குக் கீழே உள்ளவர்களை எண்ணும் எளிய வெட்டுப்புள்ளி முறையும் போதாது; ஒவ்வொருவருக்கும் போதாமல் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் நிகழ்தகவு முறையைப் பயன்படுத்த ஒரு புள்ளியியலாளரின் துணை வேண்டும். அவரைத் தரவு வந்த பிறகு தேடாமல், மாதிரி அளவு போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றலுக்கு இந்த வழி பொருந்தாது. உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு 2110 கிலோகலோரி, மிதமான உழைப்புக்கு 2710, கடும் உழைப்புக்கு 3470 என்று தேவை விரிகிறது. தையல் இயந்திரத்தில் இருப்பவரையும் சுமை தூக்குபவரையும் ஒரே கோட்டால் அளக்க முடியாது. அவர்களுடைய உடல் எடையே ஆற்றல் போதுமா என்பதற்கு நல்ல சாட்சி. சொன்ன உணவு, உடலின் அடிப்படை வளர்சிதை ஆற்றலைவிடவும் (ஓய்வில் இருக்கும்போதே உடலுக்குத் தேவைப்படுவது) குறைவாக இருந்தால் அந்த ஆள் பட்டினி கிடக்கிறார் என்று எழுதுவதற்கு முன், சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று பாருங்கள். அத்தகையோரைத் தரவிலிருந்து நீக்காமல், அவர்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் இருமுறை கணக்கிட்டு இரண்டையும் கொடுப்பது நேர்மையானது.

13. முடித்துவைக்கும் தாள்கள்

ஆய்வு ஓராண்டைத் தாண்டினால் நெறிமுறைக் குழுவுக்கு முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். முடிந்ததும் நிறைவறிக்கை தர வேண்டும். ஒப்புதல் படிவங்களைப் பெயரில்லாத தரவிலிருந்து பிரித்து, பூட்டிய அலமாரியில் வையுங்கள். எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்பது குழுவின் ஒப்புதல் கடிதத்தில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வினாத்தாள், பாத்திரங்களின் கொள்ளளவு, உள்ளூர்ச் சமையல் அட்டவணை ஆகியவற்றை ஆய்வேட்டின் பிற்சேர்க்கையாக முழுமையாக இணையுங்கள். உயரமும் எடையும் எடுத்த அன்றே அவரவர் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்; அச்சடித்த சீட்டுக்கான செலவையும், அதன் தமிழ் வாசகத்தையும், முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்திருந்தால் அதற்கென்று தனி அனுமதி தேட வேண்டியிராது.